ரப்பர் பாலில் ஒட்டிய சரித்திரம்

கடல் கடந்து வந்து, ரப்பர் தோட்டம் போட லாபிஸ் பக்கம் காடு வெட்ட முதலில் இறங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். அட்டைக்கடியும் காய்ச்சலும் தாங்காமல் எத்தனையோ பேர் சாய்ந்தார்கள். நான் சாயவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம்கூட உட்காராதவன், கடைப் பெட்டிகளில் இருந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டியே படிக்கக் கற்றேன். இன்று எனக்குச் சொந்தமாக இரண்டு லாரி ஓடுகிறது.

அதனால்தான் மகள் தோட்டப் பள்ளியின் சரித்திரப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ‘வெள்ளைத் துரைமார் காட்டை அழித்துத் தோட்டமாக்கி, பட்டினி கிடந்த கூலிகளுக்குச் சோறு கொடுத்தார்கள்’ என்று போட்டிருந்தது. கோடாரி பிடித்த எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மறுநாள் பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். மகள்தான் அந்தப் பாடத்தை வாசிக்க வேண்டும். பள்ளியில் இருந்ததே அந்த ஒரு புத்தகம். துண்டுக் காகிதத்தில் பென்சிலால் ‘காட்டை வெட்டியது நாங்கள்’ என்று எழுதினேன். வாளியடியில் மிச்சமிருந்த ரப்பர் பாலைத் தடவி அந்த வரியின் மேல் ஒட்டினேன். பாலெடுக்க மரம் சீவிச் சீவிக் கை காய்த்தவன் நான். ஆனாலும் ஆத்திரத்தில், பால் காயுமுன் புத்தகத்தை மூடி அம்மிக்கல்லை மேலே வைத்துவிட்டேன்.

காலையில் அந்தப் பாடத்தின் ஆறு பக்கமும் ஒரே பலகையாகக் கிடந்தன. பிரித்தால் எழுத்தோடு உரிந்து வந்தது.

பள்ளிக்கு நான் எடுத்துப்போன புத்தகத்தைப் பார்த்த வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என்னண்ணே, குடியக் கெடுத்துட்டீங்களே! தோட்டத்துத் தொரையும் கூட வராரு. இன்னிக்கே என் பெட்டியத் தூக்கி வெளிய போடுவாங்க. நாலு புள்ளைங்க இருக்குண்ணே எனக்கு.”

“உண்மையத்தானே எழுதுனேன்?”

“அத உங்க நெத்தியில ஒட்டிக்கிறதுதானே! என் புத்தகந்தான் கெடைச்சுதா?”

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எனக்கு மனப்பாடங்க ஐயா,” என்றாள்.

துரையும் இன்ஸ்பெக்டரும் உள்ளே போனார்கள். நான் சன்னலுக்கு வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். மகள் வேறு ஏதோ பக்கத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். ‘காட்டை’ என்றதும் நின்றுவிட்டாள். “சொல்லு தாயி, சொல்லிரு,” என்று என் வாய் முணுமுணுத்தது. அந்தப் பொய் தடங்கலில்லாமல் வர வேண்டுமே என்று நானே வேண்டிக்கொண்டேன்.

சொல்லி முடித்தாள். துரை தலையாட்டினார்.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: “நடுவுல நின்னேனே, பாத்தீங்களாப்பா?”

“பாத்தேன்.”

“மறந்து போயி நிக்கல. நீங்க எழுதுனதச் சொல்லிரலாமான்னு நெனச்சேன். அப்பறம் வாத்தியார் மூஞ்சியப் பாத்தேன்.”

எந்தத் துரைக்கும் பதில் வைத்திருந்தவன் நான். நடையை எட்டிப் போட்டேன். அவள் பின்னால் ஓடிவர வேண்டியிருந்தது.