படகுக்கு வெளியே சாய்ந்த ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, மத்தியானம் ஒரு தூக்கம் போடும். எழுபதுகளில் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் ஞாயிறுகள் கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரில், ஒரு மரப்படகின் விளிம்புக்கு வெளியே முதுகைச் சாய்த்துத் தொங்கிக்கொண்டே போயின. எழுத உட்கார்ந்தால் இப்போதும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

நாங்கள் தர்மபுரியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அரசாங்க இன்ஜினியர். நான் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிருஷ்ணகிரி அப்போது எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர், எல்லோருக்கும் அவர் மேஜர், பெங்களூரிலிருந்து பழைய பாய்மரப் படகுகள் இரண்டை லாரியில் கொண்டுவந்து அணையில் இறக்கினார். அவற்றைப் பார்த்துத் தச்சரை வைத்து இன்னும் சிலவற்றைச் செய்தார்கள். ஒரு டாக்டர், ஒரு பேங்க் மேனேஜர், என் வீட்டுக்காரரோடு சில இன்ஜினியர்கள் என்று சேர்ந்து அதற்கு கிளப் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். படகு ஓட்டத் தெரிந்தவர் மேஜர் ஒருவர்தான். மற்றவர்கள் கவிழ்ந்து கவிழ்ந்து படித்தவர்கள்.

ஒரு படகுக்கு இரண்டு பேர் வேண்டும். பின்னால் உட்கார்ந்து சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பவர் எஜமான். முன்னால் இருப்பவருக்குச் சின்னப் பாயின் கயிறு. அதோடு, காற்று படகைச் சாய்க்கும்போதெல்லாம் எதிர்ப்பக்க விளிம்பில் ஏறி உட்கார்ந்து, உள்ளே இருக்கும் பட்டையில் பாதத்தை மாட்டிக்கொண்டு, உடம்பை மல்லாக்கத் தண்ணீருக்கு மேலே சாய்க்க வேண்டும். படகு நிமிர்ந்து இருந்தால்தான் ஓடும். முன்னால் இருப்பவர் பாதி வேலையாள், பாதி மணல் மூட்டை. எங்கள் படகில் முதலில் என் வீட்டுக்காரருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர்தான் அப்படி வந்தார். கொஞ்ச நாளில் அவர் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"நீ ஒரு தடவ வாயேன். சும்மா உக்காந்தா போதும்" என்றார் என் வீட்டுக்காரர்.

சும்மா உட்காரத்தான் போனேன். ஆறு வருஷம் உட்கார்ந்தேன்.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசையை விட முடியாது. அதனால் விடியற்காலை முதல் பூசைக்கு ஓடுவேன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், சனிக்கிழமை துணி துவைப்பது, குழாயடியில் காத்து நிற்பது எல்லாம் சேர்ந்து, பிரசங்கம் ஆரம்பித்ததும் கண் தானாக மூடும். "தூங்குறதுக்குன்னே கோயிலுக்கு வர்ற ஒரே ஆள் நீதாம்மா" என்று சாமியார் கேலி செய்வார். பூசை முடிந்ததும் பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அணைக்குப் போக வேண்டும். அங்கே போய் சேலைக்குள் அவருடைய பழைய அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகுவேன். அணைக்கரையில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். முதல் வருஷம் அவர்கள் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. எனக்கும் வெட்கப்படத் தெம்பில்லை.

ஆனால் காற்றைப் பார்க்க நான் கற்றுக்கொண்டேன். அதை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். சுக்கான் பிடிப்பவர் பாயைப் பார்ப்பார், பக்கத்துப் படகைப் பார்ப்பார். முன்னால் இருக்கும் ஆளுக்குத்தான் தண்ணீர் தெரியும். காற்று வரும் இடத்தில் தண்ணீர் கறுக்கும். தூரத்துச் சூளையின் புகை சாயும் பக்கம் மாறினால் கொஞ்ச நேரத்தில் நம் பாயும் மாறும். அந்த அணையில் காற்றுக்கு நிலையான புத்தி கிடையாது. மலைப் பக்கமிருந்து வரும், பாதியில் படுத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கமிருந்து எழுந்து வரும். "வலது பக்கம் காத்து வருதுங்க" என்பேன். "தெரியும், தெரியும்" என்பார். தெரியாது. நான் சொன்ன பிறகுதான் சுக்கான் திரும்பும். ஜெயித்த நாட்களில் மேஜர் அவரைத் தட்டிக்கொடுத்து, "எப்படிப்பா அந்தக் காத்தக் கண்டுபுடிச்ச?" என்று கேட்பார். இவரும் கூச்சமே இல்லாமல், "ஒரு ஊகம்தான் சார்" என்பார். பக்கத்தில் நான் பாயை மடித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு பந்தயத்தில், ஒரே ஒரு பந்தயத்தில், சுக்கானை நான் பிடிக்க வேண்டும். பந்தயம் முடிந்து கரைக்குத் திரும்பும்போது அவ்வப்போது என் கையில் கொடுப்பார். மேஜரோடும் சில சாயங்காலங்கள் ஓட்டியிருக்கிறேன். என்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். இவரிடம் கேட்டால் "பாக்கலாம்" என்பார். அந்தப் பாக்கலாமை நம்பி எத்தனையோ ஞாயிறு தொடை நடுங்கத் தொங்கியிருக்கிறேன்.

பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் அவருக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்டுவதற்கு முன் கிளப்பின் வருஷக் கோப்பைப் பந்தயம் ஒன்றுதான் பாக்கி. இந்தத் தடவை நான் கேட்கவில்லை, சொன்னேன். "இத நான்தான் ஓட்டுவேன். இல்லைன்னா நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

"சரி, நீயே ஓட்டு" என்றார். அந்த வாரம் முழுக்க நான் பள்ளிக்கூடத்தில் யாரையும் அடிக்கவில்லை.

அது ஐப்பசி. ஐப்பசியில் அந்தக் காற்று யாருக்கும் கட்டுப்படாது. வானம் மூட்டமாக இருந்தது, மலையிலிருந்து லேசாக வீசியது. ஆறு படகுகள். தண்ணீரின் நடுவே ஒரு சிவப்புப் பீப்பாய், எதிர்க்கரைக்குப் பக்கத்தில் இன்னொன்று மிதக்கும். இரண்டையும் சுற்றிவிட்டு அணைக்கே திரும்ப வேண்டும். படகைத் தள்ளி ஏறும்போது அவர் பாட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"ஸ்டார்ட் மட்டும் நான் பண்ணிக்கிறேன். கூட்டமா இருக்கும், இடிச்சுடுவ. அப்புறம் நீ புடிச்சுக்க."

கரையில் மேஜர் விசில் ஊதினார். நல்ல ஸ்டார்ட்தான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி அவரைப் பார்த்தேன். "முதல் பீப்பா தாண்டட்டும்" என்றார். தாண்டினோம், முதலாவதாக. மறுபடியும் பார்த்தேன். "முன்னால இருக்கோம், இப்பப் போயி மாத்துனா நல்லா இருக்குமா? நீயே சொல்லு." இரண்டாவது பீப்பாயையும் சுற்றினோம். வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. கயிற்றைப் பிடித்த கை மட்டும் வழக்கப்படி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அங்கே காற்று நின்றது. பாய் துவண்டு தொங்கியது. எல்லாப் படகுகளும் போட்டது போட்டபடி நின்றன. பின்னால் வந்த டாக்டர் படகில் யாரோ பீடி பற்றவைத்தார்கள்; புகை நேரே மேலே போனது. மூட்டத்திலும் புழுக்கம் தாங்கவில்லை. வெகு நேரம் அப்படியே கிடந்தோம். அவர் சலித்துப்போய் எழுந்து முன்னால் வந்தார்.

"இந்தா, ஓட்டணும்னியே. போய்ப் புடி. நான் கொஞ்சம் காலை நீட்டிக்கிறேன்."

கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. இருந்தாலும் பின்னால் போய் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தேன். செத்த பாம்பைப் பிடித்த மாதிரி இருந்தது. அவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார்.

அப்போது அணைப் பக்கம் தண்ணீர் கறுத்தது. கரைத் தைலமரங்களின் தலை எங்கள் பக்கமாக வளைந்தது. வாடைக்காற்று. நேராக எங்கள் முகத்துக்கு வருகிறது. ஆறு வருஷமாக அந்த நேரத்தில் என் வாய் தானாகச் சொல்லும், காத்து வருதுங்க என்று. அன்றைக்கு நான் சொல்லவில்லை. பெரிய பாயின் கயிற்றை மெதுவாக இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன்.

காற்று வந்து அடித்ததும் படகு துள்ளிச் சாய்ந்தது. அவர் உருண்டு, தொப்பியைத் தண்ணீரில் விட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஐயோ, குடு குடு, சுக்கானக் குடு!"

"வெளிய சாயுங்க" என்றேன்.

வேறு வழியில்லாமல் சாய்ந்தார். படகு நிமிர்ந்தது, ஓடத் தொடங்கியது. சுக்கானுக்கு உயிர் வந்துவிட்டது. என் உள்ளங்கைக்குள் தண்ணீர் முழுவதும் தட்டுகிற மாதிரி இருந்தது. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது, ஒரு வலம் ஒரு இடம் என்று வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். எங்கே கறுக்கிறது என்று நானே பார்த்தேன், நானே திருப்பினேன். அத்தனை சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் படகில் வந்ததில்லை. டாக்டர் படகு பின்தங்கிக்கொண்டே போனது.

பாதி தூரம் வந்திருப்போம். அவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வர ஆரம்பித்தார். அவர் உள்ளே வர வர படகு சாய்ந்தது, நான் பாயைத் தளர்த்த வேண்டியிருந்தது, வேகம் குறைந்தது.

"சாயுங்க."

"முடியல."

"இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"காலு நடுங்குது. முடியலம்மா, நெஜமா."

பொய் இல்லை. அவர் தொடை துடிப்பதை என் கண்ணால் பார்த்தேன். அந்தத் துடிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அது ஆரம்பித்த பிறகு எவ்வளவு தூரம் தொங்கலாம் என்பதும் தெரியும். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. டாக்டர் படகு நெருங்கி வந்தது. கரையில் மேஜர் விசிலோடு நிற்பது தெரிந்தது.

"மாறிக்கலாம் வா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "நீ வெளிய உக்காந்தியின்னா இப்பவும் ஜெயிச்சுடலாம். எனக்கு வராது இது. உன்னாலதான் முடியும். கடைசிக் கப்பு இல்லியா, கேளு."

ஆறு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. உண்மையும்கூட. நான் முன்னால் போய்ச் சாய்ந்தால் படகு நிமிரும், கோப்பை எங்களுக்குத்தான். உடம்பு பழக்கதோஷத்தில் எழுந்துகொள்ளப் பார்த்தது. அவர் சுக்கானுக்குக் கையை நீட்டினார்.

"இல்லீங்க" என்றேன்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டார். திரும்பி, பட்டையில் காலை மாட்டிக்கொண்டு, முடிந்த அளவு சாய்ந்தார். அது போதவில்லை. டாக்டர் படகு எங்கள் பக்கத்தில் வந்தது, தாண்டியது. அதில் முன்னால் தொங்கிக்கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மேஜர் அவர்களுக்கு விசில் ஊதினார், கரையில் கை தட்டினார்கள். எங்களுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. காற்று வலப்பக்கம் விலகியது. அதற்கு ஏற்றபடி சுக்கானை ஒரு விரல் அளவு திருப்பினேன். எங்களுக்கும் விசில் ஊதினார், இரண்டாவதாக.