ஈரம் காயாத வரப்பு

அந்த நடைக் குழுவில் சேர எனக்கு வயது பத்தவில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கான குழு அது. எனக்கு ஐம்பத்து மூன்று. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலையில் கிளம்பி ஆற்றங்கரையோடு பகல் முழுக்க நடந்து, சாயங்காலம் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் திரும்புவார்கள். அதில் நடக்கும் பக்கத்து வீட்டு அக்கா, ஓய்வுபெற்ற நர்ஸ், என்னைச் சேர்த்துவிட்டார். "இவங்களுக்குத் தூக்கமே வரமாட்டேங்குது, வயசக் கண்டுக்காதீங்க" என்று சிபாரிசு.

தூக்கம் போனது என் மகனால். ஏழு மாதத்துக்கு முன் சென்னையில் அவன் பைக் மீது வேன் மோதியது. தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறான். நான் குழுவில் சேர்ந்த அந்த வாரம்தான் மறுபடி பைக் எடுத்திருந்தான். சனிக்கிழமையும் அவனுக்கு ஆபீஸ் உண்டு. போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. ஒன்பதரைக்குள் வந்துவிடும். வராவிட்டால் என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியாது.

முதல் நடை பாபநாசத்திலிருந்து வலங்கைமான் வரை, குடமுருட்டிக் கரையில். பன்னிரண்டு பேர். முன்னால் போனவர் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக வேலை பார்த்தவர். எந்த வாய்க்கால் எந்த ஊருக்குப் பாய்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

"பச்சப்புள்ளைய நடுவுல விடுங்க, தொலைஞ்சிடப் போவுது" என்றார் பின்னால் வந்த ஒருவர், என்னைப் பார்த்து.

"தொலைஞ்சாலும் தொலைவாங்க டீச்சர். வழிய எங்க பாக்குறாங்க? போனத்தான் பாத்துக்கிட்டு வர்றாங்க" என்றார் லஸ்கர்.

ஒன்பதரை ஆனது. பத்தும் ஆனது. கரையில் மூங்கில் அடர்ந்த இடம், சிக்னல் இல்லை. வெட்டவெளிக்குப் போனால் கிடைக்கும் என்று, யாரிடமும் சொல்லாமல் கரையைவிட்டு இறங்கி ஒரு வரப்பில் ஏறினேன். வரப்பு வழவழவென்று, கொத்தனார் தேய்த்துவிட்டது போல இருந்தது. நான்கு அடி வைத்தேன். ஐந்தாவது அடியில் கால் உள்ளே இறங்கியது. இழுத்தபோது வரப்பின் ஒரு துண்டும் கூடவே சரிந்தது.

நடவுக்கு முன் வரப்பைச் செதுக்கிச் சேறு பூசுவார்கள். காயும்வரை அதில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்துச் சிறுபிள்ளைக்கும் தெரிந்தது இது. நான் பள்ளியில் இருபது வருடம் புவியியல் நடத்தியவள்.

மேல் வயலில் தேக்கியிருந்த தண்ணீர் உடைப்பு வழியாகக் கீழே நாற்றங்காலில் இறங்கியது. அங்கே காலையில்தான் முளைகட்டிய விதை தெளித்திருந்தார்கள். விட்டால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். வயல்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து ஓடி வந்தார்.

"ஏம்மா, கண்ணு தெரியல? நேத்துப் பொழுதுசாயப் பூசுன வரப்பு!"

சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பி வந்தார்கள். லஸ்கர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். "அப்புறமாத் திட்டிக்கலாம் தம்பி. மம்பட்டி எங்க?"

"வீட்டுல கெடக்கு."

"அப்ப கைதான்."

நான்கு பேர் சேற்றை வாரிப் போட்டார்கள். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்து, போட்ட சேறு கரையாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். "நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்காதீங்க" என்றார் வயல்காரர்.

அப்போது போன் அடித்தது.

"உங்க புள்ளைதான்" என்று அக்கா எடுத்தார். ஹலோ, ஹலோ என்றார். "டீச்சரு வயக்குள்ள விழுந்து..." என்பதோடு சிக்னல் போய்விட்டது.

"அவனா பேசினான்?"

"ஒண்ணும் கேக்கலையேம்மா."

விபத்து நடந்த அன்று அவன் எண்ணிலிருந்து வந்த அழைப்பில் பேசியது முன்பின் தெரியாத ஒருவர். அதனால் அவன் பெயரைத் திரையில் பார்ப்பது எனக்குப் போதாது. குரல் கேட்க வேண்டும். கையை எடுத்தால் தண்ணீர் போகும். எடுக்கவில்லை. கால் மணி நேரம் இருக்கும். பிறகு வயல்காரர், "போதும்" என்றார்.

வாய்க்காலில் கை கழுவிவிட்டு, கரையோடு மூங்கில் தோப்பைத் தாண்டி ஓடிப்போய்க் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"யாரும்மா போன எடுத்தது? எங்க விழுந்த? நான் லீவு சொல்லிட்டுக் கீழ எறங்கிட்டேன், தஞ்சாவூருக்குக் கெளம்புறேன்." மூச்சு வாங்கியது. நான் தினமும் அவனிடம் பேசும் குரல் அது.

"விழலடா. வரப்ப ஒடச்சிட்டேன்."

"ஜியாகிரபி டீச்சரு" என்றான். மீட்டிங்கில் மாட்டிக்கொண்டதால் தாமதமாம்.

நடக்கிற நாளில் பஸ் ஏறிய பிறகுதான் பேசுவது என்று நான்தான் சொன்னேன். "உன்னால முடியுமா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன்.

போனை அக்காவின் பையில் போட்டேன். வலங்கைமான் போவதற்குள் இரண்டு முறை கேட்டேன். அவர் தரவில்லை.