சரோஜாவுக்கு என்ன வேண்டும்?

சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளை மாற்றுத்திறனாளிகளுக்கு உதவத் தயார்படுத்துவது பதுளையில் என் வேலை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: உதவி செய்யக் கற்றுக்கொடுப்பது சுலபம், உதவத் துடிக்கிறவர்களைப் பிடித்து உட்காரவைப்பதுதான் பெரும்பாடு.

மேல்மாடி வகுப்பு

பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் நஸீர் நானாவை முதல் வகுப்பில் பேச அழைத்திருந்தோம். சக்கர நாற்காலியில் வந்தார். தலைப்பு, 'தடையில்லாக் கட்டடங்கள்'. மண்டபம் மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. பையன்கள் அவரைத் தூக்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் நாற்காலியின் பிரேக்கை இறுக்கிவிட்டு, வாகனம் நிறுத்தும் இடத்திலேயே பேச்சைத் தொடங்கினார்.

"தலைப்பு மேல ஏறிட்டுது மிஸ், பேச வந்தவன்தான் கீழ இருக்கேன்."

நலம் விசாரிப்பு

களப்பயிற்சிக்கு ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தவள் சரோஜா. சிறு வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போய், ஊன்றுகோலில் நடப்பவள். என் மாணவி தர்ஷினி அவளைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்துவிட்டு, கேள்விகளையெல்லாம் அவள் அம்மாவிடம் கேட்டாள். "சரோஜா நல்லா சாப்பிடுறாங்களா? தூங்குறாங்களா?" அம்மாவும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். சரோஜா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"எனக்குக் கால்தாங்க வராது. வாய் நல்லாவே வரும்."

பாடத்தில் இல்லாதது

அடுத்த வாரம் தர்ஷினி சரோஜாவிடமே கேட்டாள்: "உங்களுக்கு என்ன வேணும்?" புது ஊன்றுகோல், கக்கூஸ் சுவரில் ஒரு கைப்பிடி என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருந்தாள். சரோஜா கேட்டது கல்யாணம். டவுனில் தையல்கடை வைத்திருக்கும் முருகேசுவுக்கும் அவளுக்கும் விருப்பம், அப்பாதான் சம்மதிக்கவில்லை. தர்ஷினி பதறிப்போய் எனக்குப் போன் போட்டாள்.

"மிஸ், இது எந்தப் பாடத்துல வருது?"

அப்பாவின் பயம்

நானும் கூடப் போனேன். அப்பா பெரியசாமி பிளேன்டீ கொடுத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். "அவன் விட்டுட்டுப் போயிட்டா இவ கதி என்னங்க? இந்தக் கால வச்சிக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்துவா?" சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. தர்ஷினி 'சுயநிர்ணய உரிமை' என்று ஆரம்பித்தாள். நான் அவள் காலை மிதித்தேன். அடுப்படியிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

"நீங்க எல்லாம் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனப்புறம் இங்க அஞ்சு பேருக்கு ஆக்குறது யாருப்பா? அங்க ரெண்டே பேருதான்."

கோயில் படி

தை மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். அப்பாதான் முன்னால் நின்று எல்லோரையும் வரவேற்றார். படியேறும்போது சரோஜா லேசாகத் தடுமாறினாள். தர்ஷினி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி அவள் கையைப் பிடித்தாள்.

"விடுங்க மிஸ், இன்னைக்குப் புடிக்க வேற ஆளு இருக்கு."

எங்களால் முடிந்த உதவியாக, கல்யாணச் சாப்பாட்டை இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினோம்.