சி ஷிஃப்ட் வாரங்கள்

கும்மிடிப்பூண்டிக்கு நாங்கள் குடிவந்தபோது என் மகளுக்கு இரண்டரை வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த எங்களுக்குக் கிடைத்தது ஒரு லைன் வீடு. வரிசையாக நான்கு வீடுகள், வீட்டுக்கு ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட். சமைப்பதும் படுப்பதும் பாத்திரம் கழுவுவதும் அதற்குள்தான். பார்த்த அன்றைக்கே நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "கொஞ்ச நாள்தான்" என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷம் ஓடியது.

அவருக்குத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை. இரும்புத் தகட்டை அமுக்கி வளைக்கும் பிரஸ் மெஷினுக்குள் கையால் தகட்டை வைத்து எடுக்க வேண்டும். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். இரவு ஷிஃப்டுக்குப் பெயர் சி ஷிஃப்ட். அந்த வாரம் முழுக்கக் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். இட்லி வாயில் இருக்கும்போதே கண் சொருகும். மதியம் இரண்டு மணி வரை தூங்கினால்தான் உண்டு.

எங்கள் வரிசையில் முதல் வீட்டில் குடியிருந்தவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. வேறொரு கம்பெனியில், இதே மாதிரி பிரஸ்ஸில் போனவை. "ஒரு செகண்டு கண்ணு அசந்துடுச்சும்மா, அவ்ளோதான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் தூக்கத்துக்கு நான் காவல்காரி ஆனேன். அவருடைய பத்து விரல்களும் என் பொறுப்பு என்றே நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இரண்டரை வயதுப் பிள்ளையை வாயை மூடு என்றால் மூடுமா? தட்டைத் தட்டும், பாட்டுப் பாடும், தூங்குகிற அப்பன் வயிற்றில் ஏறிக் குதிக்கும். அவர் எழுந்து என்னிடம் கத்துவார். நான் பிள்ளையிடம் கத்துவேன். அது எங்கள் இரண்டு பேரையும் விடச் சத்தமாக அழும்.

அதனால் அவர் படுத்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். எங்கே போவது? அந்த ஊரில் எனக்கு ஒரு வாசல் கிடையாது. ஸ்டேஷன் பெஞ்சில் எத்தனை நாள் உட்கார்வது? கடைசியில் பெரியபாளையம் போகும் டவுன் பஸ்ஸைக் கண்டுபிடித்தேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. ஜன்னலோரம் நின்றுகொண்டு என் மகள் கண்ணில் பட்ட மாட்டையும் லாரியையும் ஊர் கேட்கக் கூப்பிடுவாள். நான் தடுக்க மாட்டேன். கத்தித் தீர்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

கண்டக்டர் ஒருநாள் கேட்டேவிட்டார். "இன்னாம்மா, காலைலதான் இட்டுக்கினு வந்தேன். திரும்பவும் ஏறிக்கினு கீற? பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டுதலா?"

"ஆமாண்ணே, வேண்டுதல்தான்" என்றேன். பொய் என்றும் சொல்ல முடியாது.

சித்திரை வெயில் அதற்கும் வேட்டு வைத்தது. பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வேனல்கட்டி. எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த, பின்பக்கம் நெல் வயல் வைத்திருக்கும் வீட்டுக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "இந்த வெயில்ல கொழந்தைய இட்டுக்கினு சுத்துறியே, இன்னா பொம்பள நீ? ஊட்ல கெடக்கக் கூடாது?"

கிடந்தோம். அப்போதுதான் அந்த விளையாட்டைத் தொடங்கினேன். யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். பேசுவதென்றால் காதோடு காதாகத்தான். ஜெயித்தால் ஒரு பிடி பொட்டுக்கடலை. என் மகள் கெட்டிக்காரி. தம்ளரை வைக்கும்போது சத்தம் வராமலிருக்க அடியில் துணியை மடித்துப் போடப் பழகினாள். பொட்டுக்கடலையைக்கூடக் கடிக்காமல் வாயில் ஊறவைத்துத் தின்றாள்.

அவர் நன்றாகத் தூங்கினார். "ஊட்ல கொழந்த கீதான்னே தெர்லியே, தங்கமான பொண்ணு" என்று வீட்டுக்காரம்மா மெச்சினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மூன்றரை வயதில் அங்கன்வாடியில் சேர்த்தேன். ஒரு மாதம் கழித்து டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கொழந்தைக்குப் பேச்சு வருமாம்மா? டாக்டராண்ட காட்னீங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்ல நல்லாப் பேசுவா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. சி ஷிஃப்ட் இல்லாத வாரங்களில்கூட, இவள் குரலை முழுசாக நான் கடைசியாகக் கேட்டது எப்போது?

வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெரியபாளையம் பஸ்ஸில் ஏறினேன். அதே கண்டக்டர். "பாப்பா இன்னா கம்முனு கீது, ஒடம்பு சரியில்லியா?" என்றார். ஜன்னலுக்கு வெளியே மாடு போனது. "அந்தா மாடு! கூப்பிடுட்டி, சத்தமாக் கூப்பிடு" என்றேன். முன் சீட்டில் கம்பெனி யூனிஃபாரத்தோடு ஒருவர் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். என் மகள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

அழுகையை அடக்க முடியவில்லை. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் விழித்திருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிள்ளையை மடியில் தூக்கி வைத்தார். "பாப்பா, அப்பா முழிச்சுத்தான் இருக்கேன். பாரு. எவ்வளவு வேணும்னாலும் கத்து" என்றார். அவள் அவர் கண் இரண்டையும் உற்றுப் பார்த்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் காதில் ஏதோ சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை.

"என்ன சொன்னா?" என்றேன்.

"'அப்பா'ன்னு சொன்னா" என்றார். பத்து விரல்களாலும் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சி ஷிஃப்ட் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வந்து படுத்தார். நான் பாலை ஆற்றிக் கொடுத்தேன். என் மகள் குடித்துவிட்டுத் துணியை மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் தம்ளரை வைத்தாள்.