மூன்றாவது சிசேரியனுக்கு வைத்த கையெழுத்து

மஹய்யாவயில் பிறந்த தமிழர்களுக்குச் சிங்களம் பேச யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக வந்துவிடும். அதில் முதலில் வருவது 'ஹரி'. சரி என்று அர்த்தம். சீருடை போட்டவர் எது கேட்டாலும் ஹரி சொன்னால் வரிசை சீக்கிரம் நகரும் என்பது எங்கள் வீட்டுப் பாடம்.

மூன்றாவது சிசேரியனுக்கு முதல்நாள் வார்டில் சேர்ந்தேன். இரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார்கள். மயக்க மருந்து டொக்டர் வந்து, ஆடுகிற பல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். வெட்டப்போவது வயிற்றை, விசாரிப்பது பல்லை. அதற்கும் ஹரி சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டு, எந்தப் பல் என்று கேட்டபோதுதான் விளங்கியது.

பிறகு மிஸ் ஒரு தாளை நீட்டினார். தாதிமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தாள் முழுதும் சிங்களம். எனக்குப் பேச்சு ஓடும், எழுத்து ஓடாது. ஹரி மிஸ் என்று கையெழுத்து வைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் தெல்தெனியவிலிருந்து வந்த முஸ்லிம் பெண் இருந்தார். சிங்களத்தில் படித்தவர். பொழுது போகாமல் என் தாளை எடுத்து வாசித்துக் காட்டியவர், கடைசியில் கையால் எழுதியிருந்த ஒரு வரியில் நின்றார்.

"பிள்ளை கிடைச்சதும் குழாயையும் கட்டச் சொல்லி இரிக்கி. நீங்க கேட்டா போட்டாங்க?"

இனிப் பிள்ளை பிறக்காமல் கருக்குழாயைக் கட்டும்படி நான் கேட்கவில்லை. கிளினிக்கில் எடை பார்த்த மிஸ் ஏதோ கேட்டது ஞாபகம் வந்தது. கேள்வி முடியுமுன்பே ஹரி சொல்லியிருப்பேன். என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. கிளினிக் அட்டையில் இரண்டு சிசேரியன் இருக்கிறது, வீட்டில் ஒரு மகள்தான் இருக்கிறாள். இரண்டாவது பிள்ளை அழவே இல்லை. துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். இதுவும் அப்படியானால்? தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அந்த வரி வேண்டாம் என்று மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். கையெழுத்து வைத்தாகிவிட்டதே என்றார். முதல் தடவையாக ஒரு சீருடைக்கு முன்னால் ஹரி சொல்லாமல் நின்றேன். டொக்டர் வரும்வரை கட்டிலுக்குத் திரும்பவும் இல்லை.

டொக்டர் இளம்பெண். மூன்று தடவை வெட்டிய கர்ப்பப்பைக்கு நான்காவது ஆபத்து, கட்டிவிடுவதுதான் நல்லது என்று பொறுமையாக விளக்கினார். நியாயமான பேச்சு. எனக்கு அவரோடு சண்டை ஒன்றும் இல்லை.

"முதல்ல இந்தப் பிள்ளை அழட்டும் டொக்டர்," என்று சிங்களத்தில் சொன்னேன். "மத்தத பிறகு யோசிப்போம்."

அவர் என் அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு முழுத் தாளையும் வாசித்துக் காட்டி, அந்த வரியைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

மறுநாள் காலை முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. அதற்கு அப்பால் பேச்சு நின்றது. பிறகு அழுகை கேட்டது. நிற்காத அழுகை.

மிஸ் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். ஆணா பெண்ணா என்று தாயே பார்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். என்ன பிள்ளை என்று கேட்டார்.

"ஹரி மிஸ்," என்றேன்.