முகம் தெரிந்த பலகை

போன வாரம் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு கார் சாமான் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்பது வயதைத் தாண்டிய, ஒரு சைக்கிளைக்கூட நேராக உருட்டத் தெரியாத எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மகள் ஸ்டெல்லா புதுக் கார் வாங்கியிருக்கிறாள். டேஷ்போர்டில் பூச ஏதோ வாங்க வேண்டுமாம், கூட வாம்மா என்றாள், போனேன். கடைக்காரத் தம்பி பாட்டில்களை எடுத்து எடுத்து வைத்தார். எலுமிச்சை வாசனை, ஸ்ட்ராபெர்ரி வாசனை, புதுத் தோல் வாசனை. ஒன்று நுரை, ஒன்று களிம்பு, ஒன்று பீச்சியடிக்கிறது. ஸ்டெல்லா கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குப் பவுடர் வாங்க நான் இம்புட்டு யோசித்ததில்லை.

"பளபளன்னு வேணுமா, மங்கலா வேணுமா?" என்று தம்பி கேட்டார்.

ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பளபளன்னு குடுங்க தம்பி. மொகம் தெரியணும்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால், இதற்கா இந்த அம்மாள் முகம் வெளுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். அறுபது வருஷத்துக்கும் மேலாக ஒருவரை நான் மன்னித்து வைத்திருந்தேன். அந்தத் தம்பி ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மன்னிப்பைப் பிடுங்கிக்கொண்டார். மன்னிக்கப்பட்டிருந்தவர் என் அப்பா.

அப்பாவுக்குப் புகையிலைத் தரகு. வேடசந்தூர்ப் பக்கத்துக் காடுகளுக்குப் போய் இலை பார்த்து, திண்டுக்கல் சுருட்டுக் கம்பெனிக்காரர்களிடம் பேசி முடித்துக் கொடுப்பார். அதற்காக ஒரு கார் வைத்திருந்தார். கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய வண்டி. கதவைத் திறந்தாலே புகையிலை நெடி மூக்கில் ஏறும். இரண்டு தும்மல் போடாமல் அதில் ஏறிய விருந்தாளியை நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் யாராவது சுருட்டுப் பற்றவைத்தால் எனக்கு எங்கேயோ கிளம்பப்போகிற மாதிரி இருக்கும்.

இந்தக் காலத்து டேஷ்போர்டு மாதிரி அது பிளாஸ்டிக் அல்ல. மரம். முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பலகை, அதிலிருந்து இறங்கி நேராக நிற்கும் இன்னொரு பலகை, அதில் கடிகாரம் மாதிரி இரண்டு வட்ட மீட்டர்கள். வெள்ளைக்காரர் கையில் எப்படி இருந்ததோ, எங்களிடம் வந்த நாலு வருஷத்தில் அது எங்கள் சமையலறைக் கதவு நிறத்துக்கு வந்துவிட்டது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. பள்ளிப் படிப்பு முடிந்து, கல்யாணம் இன்னும் குதிராமல், வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஒரு வெள்ளைக்காரச் சிஸ்டர் இருந்தார். மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாக வேனை அவரே ஓட்டிக்கொண்டு போவார். வெள்ளை அங்கி, கறுத்த பூட்ஸ், ஒரு கை ஜன்னலுக்கு வெளியே. அந்த வேன் எங்கள் தெருவைத் தாண்டும்போதெல்லாம் முறத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். சனிக்கிழமைகளில் அவருடன் போய் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கவும் ஆரம்பித்திருந்தேன்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் சிஸ்டர் தன்னுடைய தமிழில் சொன்னார். "நான் ஈஸ்டர் பிறகு ஊருக்குப் போறது. நீ ஓட்ட கத்துக்கோ. கத்துக்கிட்டா இந்த வேலை உனக்கு."

அன்று நான் வீட்டுக்கு நடந்து வந்த மாதிரி ஞாபகம் இல்லை. அப்பா காருக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"சரி பாப்பா. ஆனா ஒண்ணு. வண்டிய மதிக்கத் தெரியணும் மொதல்ல. இந்தப் பலகையில ஒன் மொகம் முழுசாத் தெரியணும். தெரிஞ்ச மக்யாநாளு ஸ்டியரிங்கு ஒன் கையில."

"சத்தியமா?"

"அப்பன் சொல்றேன்ல?"

உள்ளே வந்து அம்மாவிடம் குதித்தேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே, "ஒங்கப்பா தரகரு. அத மறந்துராத" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

தொடங்கினேன். முதலில் ஈரத்துணி. காய்ந்ததும் பலகை சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போனது. அடுத்தது தேங்காய் எண்ணெய். தலைக்குப் பளபளப்புத் தருவது பலகைக்குத் தராதா என்று ஒரு கணக்கு. தந்தது, ஒரே ஒரு நாள். மறுநாள் அப்பா வேடசந்தூர் போய்த் திரும்பியபோது அந்த ரோட்டுப் புழுதி மொத்தமும் அதில் அப்பியிருந்தது. மூன்றாம் நாள் சிக்கு வாடை, நாலாம் நாள் எறும்பு. மீட்டர் முள்ளுக்குப் பின்னால் எறும்பு வரிசை போவதைப் பார்த்து அப்பா, "வண்டி நிக்கிறப்பவும் ஓடுதே பாப்பா" என்றார். அந்த எண்ணெயை எடுக்க மண்ணெண்ணெய் போட்டேன். அழுக்கோடு எண்ணெயும் போயிற்று, ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அந்தக் காரில் போய் இறங்கிய அம்மா கோவிலுக்குள் மயக்கம் போடாத குறை.

பேகம்பூரில் பெயிண்டுக் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் போய் நின்றேன். அவர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "எண்ணெய் மரத்துக்கு மேல ஒக்காரும்மா, மெழுகுதான் படியும். தேன்மெழுக உருக்கி டர்பன்டைன்ல கரைச்சுப் பூசு" என்றார். டர்பன்டைன் கொடுத்தார். தேன்மெழுகு தீர்ந்துவிட்டதாம், சிறுமலையிலிருந்து எப்போது வரும் என்று தெரியாதாம். ஈஸ்டருக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு அம்மாவின் டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது.

எங்கள் வீடுகளில் மெழுகுதிரித் திருநாளன்று கோவிலில் மந்திரித்த திரி ஒன்று வாங்கி வந்து பத்திரமாக வைப்பார்கள். இடி இடித்தால் ஏற்றுவார்கள். யாராவது சாகக் கிடந்தால் கையில் பிடிக்க வைப்பார்கள். அந்தக் காலத்துத் திரி அசல் தேன்மெழுகு, மஞ்சளாக, முழங்கை நீளத்துக்கு. முதல் நாள் ஒரு விரல் அளவு வெட்டினேன். அடுத்த வாரம் இன்னொரு விரல். கடைசியில் பெட்டியில் நூல்திரி மட்டும்தான் மிச்சம். சாகப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று துணிந்துவிட்டேன். வெட்டுவதைப் பார்த்த அப்பாவும் அம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இருந்தாலும் மனசு உறுத்தியது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து காதைக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு, "காருக்கா?" என்றார்.

"ஆமா சாமி."

"பத்து அருள் நிறைந்த மரியே சொல்லும்மா" என்றார். குரலில் சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

மெழுகைச் சீவி, வெந்நீர்ச் சட்டிக்குள் கிண்ணம் வைத்து உருக்கி, அடுப்பைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் டர்பன்டைன் ஊற்றிக் கிண்டினால் வெண்ணெய் மாதிரி வரும். அதைத் துளி துளியாகத் தொட்டுப் பூசி, காயவிட்டு, அம்மாவின் கிழிந்த பட்டுச்சேலைத் துண்டால் தேய்க்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் முழுக்கத் தேய்த்தேன். வெயில் ஏற ஏற மரத்தின் வரிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. முதலில் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. பிறகு என் கை தெரிந்தது.

ஒரு விஷயம் மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். பளபளப்பு ஏற ஆரம்பித்ததிலிருந்து அப்பா வண்டியை எடுக்கும்போதெல்லாம் ஒரு பழைய குடைத்துணியை அந்த மேல் பலகைமேல் விரித்துக்கொள்வார். கறுப்புத் துணி, நாலாக மடித்தது. திரும்பி வந்ததும் எடுத்து சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவார்.

"எதுக்குப்பா அது?" என்று கேட்டேன்.

"வெயிலுக்குப் பாப்பா" என்றார்.

நான் பூரித்துப்போனேன். என் உழைப்பு வெயிலில் வெளுத்துவிடாமல் எப்படிக் காப்பாற்றுகிறார் பாருங்கள்! அம்மாவிடம் போய், "தரகர்னியே, பாத்தியா?" என்று கேட்டேன். அம்மா அடுப்பை ஊதப் போனாள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்து ஞாயிறு அன்று காலையில் என் முகம் முழுசாகத் தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது, நெற்றியில் சின்ன வயசுத் தழும்பு தெரிந்தது. அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். அவர் முகமும் என் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

"நாளைக்குப் பாப்பா" என்றார்.

திங்கட்கிழமை விடியும் முன்பே குளித்துவிட்டேன். காலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். அப்பா வந்தார். கூடவே நத்தத்தில் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவரும் வந்தார். கடுக்கன், மல் ஜிப்பா, முறுக்கிய மீசை. காரைச் சுற்றி வந்தவர் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார், அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பலகையில் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

"அடேயப்பா! கல்யாணப் பொண்ணாட்டமில்ல வச்சிருக்கீங்க! முடிச்சுக்குவோம்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா என் பக்கம் திரும்பாமலே, "திடீர்னு அமைஞ்சிருச்சு பாப்பா" என்றார்.

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். "நீதான் தொடச்சியாத்தா? என்னத்தப் போட்டுத் தொடச்ச? சொல்லு, நானும் அதையே போடுறேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்கா எண்ணெய்ங்கய்யா. நெறைய ஊத்தணும். தெனமும் ஊத்தணும்" என்றேன்.

அப்பா தலையை நிமிர்த்தினார். எண்ணெய் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். எறும்பைப் பார்த்துச் சிரித்தவர் அவர்தானே. வாயைத் திறக்கவில்லை. சாவியைக் கொடுத்தார், சீட்டுக்கு அடியிலிருந்து அந்தக் குடைத்துணியை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். கார் தெருமுனை திரும்பிப் போயிற்று.

ஈஸ்டர் முடிந்து சிஸ்டர் கப்பலேறினார். வேனுக்கு ஒரு ஆண் டிரைவர் வந்தார், அவருக்குத் துணையாக ஒரு பொம்பளைப் பிள்ளையை எங்கள் வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்பதால் சனிக்கிழமை மருந்துச் சீட்டும் நின்றுபோயிற்று. ஆவணியில் எனக்குக் கல்யாணம். அதற்கு அடுத்த வருஷம் ஒருமுறை நத்தம் போனபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்தக் காரைப் பார்த்தேன். எட்டிப் பார்த்தேன். கறுத்துப்போய், பிசுபிசுத்து, மாந்தோப்புத் தூசி அப்பிக் கிடந்தது. எறும்பு போய்க்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று சிரிக்கப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறி ஊர் வரும்வரை அழுதேன்.

ஆனாலும் அப்பாவை மன்னித்துவிட்டேன். ஏன் தெரியுமா? நான் பொய் சொன்னபோது அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராத மனுஷன் மௌனத்தால் கேட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். வாக்குக் கொடுத்தபோது மனசறிந்துதான் கொடுத்தார், பிறகு ஏதோ நெருக்கடி, திடீரென்று அமைந்துவிட்டது, அவர் என்ன செய்வார்? இப்படியே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சாகக் கிடந்தபோது மந்திரித்த திரியை அவர் கையில் பிடிக்கவைத்து ஏற்றியது நான்தான். திரியைப் பார்த்து உதட்டோரம் சிரித்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த திருட்டை நினைக்கிறார் என்று எனக்கு அழுகை வந்தது. அவர் பெட்டியைப் பிரித்தபோது அடியில் அந்தக் குடைத்துணி இருந்தது. என் நினைவாக வைத்திருந்திருக்கிறார்! அதைக் கொண்டுவந்து என் கல்யாணப் போட்டோவைச் சுற்றி வைத்தேன். இத்தனை வருஷமும் அதில்தான் இருந்தது.

இப்போது கடைக்காரத் தம்பி சொன்ன பதில்.

"அது விக்கிற வண்டிக்குப் போடுறதும்மா. ஓட்டுற வண்டிக்கு மங்கல்தான். பளபளன்னு இருந்தா வெயில் பட்டு முன்கண்ணாடியில அடிக்கும், ரோடே தெரியாது. வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு யாரும் மொகம் தெரியணும்னு கேக்க மாட்டாங்க."

வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் ஒருவர் கேட்டார் தம்பி. கேட்டுவிட்டு, கண்ணாடியில் வெயில் அடிக்காமல் இருக்கத் தனக்கு மட்டும் ஒரு கறுப்புத் துணியும் வைத்துக்கொண்டார். வாங்கியவர் பின்னால் அந்தத் துணியைக் கண்டு எதற்கென்று யோசிக்கக்கூடாது என்று போகிறபோது மறக்காமல் எடுத்தும் கொண்டார். பொங்கலுக்கே அவர் விற்க முடிவுசெய்திருக்கிறார். மெருகேற்ற ஒரு ஆள் தேவைப்பட்டது, நான் ஓடிப்போய் நின்றேன். அம்மா சொன்னதுதான் சரி. அம்மாவோடு பேசாமலிருந்த அந்த இரண்டு நாளை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ஸ்டெல்லா மங்கல் பாட்டிலையே வாங்கினாள். இன்று அந்த மர டேஷ்போர்டு இல்லை, வெள்ளைக்காரர் கார் இல்லை, சிஸ்டரின் வேன் நின்ற கொட்டகை இல்லை. கோவிலில் மந்திரித்துத் தருகிற திரிகூட இப்போது வெறும் வெள்ளை மெழுகு, தேன் வாசனையே வருவதில்லை. இவையெல்லாம் போனதற்கு நான் பழகியிருந்தேன். அப்பா மட்டும் போகாமல் இருந்தார். போன வாரம்தான் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா, "தொடைக்க ஒரு பழைய துணி குடும்மா" என்றாள். பீரோவைத் திறந்து, போட்டோவை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அந்தக் கறுப்புத் துணியைக் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னம்மா இது, குடைத்துணி. தொடைக்கவே மாட்டேங்குது. இதப் போயி இம்புட்டு நாளு எதுக்கு வச்சிருந்த?"

"வெயிலுக்கு" என்றேன்.