போய்ச் சேராத ஃபிளாக்

ஊரில் எல்லாரும் ஆயத்தமான மென்பொருளை இறக்கிப் பாவிக்கிறார்கள். வீட்டு லெப்டொப்பில் மூலநிரலை இறக்கி அங்கேயே செயலியாகக் கட்டித் தரும் பெக்கேஜ் மேனேஜரைப் போட்டது நான்தான். வேகம் வேண்டும் என்ற ஆசை. அன்று காலை ஓர் அப்டேட் வீடியோ அழைப்புச் செயலியை உடைத்துவிட்டது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு ஒரு கொழும்புக் கம்பனியோடு வீடியோவில் இன்டர்வியூ.

எங்கள் கிழட்டு லெப்டொப்பில் திரும்பக் கட்டினால் இரவாகிவிடும். சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குச் சைக்கிளை மிதித்தேன். அங்கே மச்சானின் கடையில் புதுக் கம்பியூட்டர் இருந்தது. அதிலும் அதே பெக்கேஜ் மேனேஜரைப் போட்டு, ‘எங்கள் பழைய புரொசெசருக்குத் தக்கதாகக் கட்டு’ என்று, மூலநிரலைச் செயலியாக மாற்றும் கம்பைலருக்கான ஃபிளாக்கை, அதாவது கட்டளைக் குறிப்பை, எழுதிக் கொடுத்தேன். அதைக் கம்பைலரிடம் சேர்ப்பதுதான் பெக்கேஜ் மேனேஜரின் வேலை. கட்டியதைப் பென் டிரைவில் கொண்டுவந்து வீட்டில் திறந்தேன். செயலி உடனே செத்தது. இந்தப் புரொசெசருக்குத் தெரியாத கட்டளையாம்!

“பழசுக்குக் கட்டு எண்டு எழுதினேன் ராத்தா!”

“ஆருக்கு எழுதின?”

“பெக்கேஜ் மேனேஜருக்கு.”

“பள்ளிவாசல் கந்தூரிச் சோத்துக்கு உறைப்பக் குறைக்கச் சொல்லி உம்மா ஆள் அனுப்புற மாதிரித்தான். ஆக்கிறவர் தன்ட கையாலதானே போடுவார்!”

திரும்பவும் கடை. கட்டும்போது கம்பியூட்டர் எழுதிவைத்த பதிவை வரிவரியாகப் பார்த்தேன். செயலியின் எல்லாத் துண்டுகளுக்கும் என் ஃபிளாக் போயிருந்தது, வீடியோவை விரிக்கும் ஒரேயொரு நூலகத்தை, செயலியோடு சேரும் அந்த நிரல்தொகுப்பைத் தவிர. அதை எழுதிய மனிதர் வருகிற ஃபிளாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, ‘எந்தக் கம்பியூட்டரில் கட்டுகிறாயோ அதற்கே தக்கதாக’ என்று தன்னுடையதைச் செருகியிருந்தார். பெக்கேஜ் மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. ஓர் எச்சரிக்கை? ஒரு வரி? ம்ஹும். திரையைப் பார்த்துக் கத்தினேன்.

“ஸ்கிரீனோட சண்ட பிடிச்சா கட்டுமாடா?” என்றான் மச்சான்.

அந்த மனிதரின் வரியை வெட்டி, அந்த நூலகத்தை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ராத்தா உம்மாவின் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து இன்டர்வியூவைத் தொடங்கியிருந்தாள்.

“வீட்டிலிருந்துதான் வேலை. சொந்தமாக லெப்டொப் இருக்கா?” என்று கேட்டது போனிலிருந்த குரல்.

“ஓம், இருக்கு.”

“வீடியோ மீட்டிங் எல்லாம் ஓடுமா?”

ராத்தா வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். “ஓடும்,” என்றாள்.

நான் நிலத்தில் குந்தி, பென் டிரைவைச் செருகி, நூலகத்தை மாற்றிவிட்டுச் செயலியை அழுத்தினேன். திரையில் வியர்த்து வடியும் என் முகம் தெரிந்தது. பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் அதற்குள் சம்பளம் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தாள்.